ஓய்வு வாரமும் கடன் விலங்கும்

உழைப்பவனுக்கு ஓய்வு என்பது எவரும் இரங்கி அளித்த கொடையன்று. அது போராடிப் பெறப்பட்ட உரிமையாகும். பிரான்சில் 1936ஆம் ஆண்டு ஆலைகளுள் அமர்ந்து வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர், லெயோன் புளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசின் காலத்தில், ஆண்டுக்கு இரு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாகப் பெற்றனர். பிரித்தானியாவில் 1938ஆம் ஆண்டின் சம்பள விடுமுறைச் சட்டம் ஒரு வார ஓய்வுக்கு வழிவகுத்தது. இவ்வாறு வென்றெடுக்கப்பட்ட ஓய்வு ஒரு தலைமுறை கழிவதற்குள் சந்தைப் பண்டமாயிற்று. அறையை வாடகைக்கு எடுப்பதிலும் விடுதியையே வாங்கிவிடுவது மலிவு என்ற கவர்ச்சி வாசகம் 1960களில் பிரெஞ்சு அல்ப்ஸ் மலைப்பகுதியிலேயே முதலில் ஒலித்தது. போராடி வென்ற வாரத்தை வென்றவனுக்கே விற்கும் வாணிபம் அங்கே தோற்றம் பெற்றது.

‘டைம்ஷெயார்’ என வழங்கும் காலப்பங்கு முறையின் அமைப்பு எளிதானது. கடற்கரையிலோ மலைச்சாரலிலோ உள்ள ஒரு வீட்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் ஒன்றிரண்டைத் திருத்த வேலைக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை வாரம் வாரமாகப் பலருக்கு விற்பதே அது. 1963இல் சுவிற்சர்லாந்தில் ஹப்பிமாக் நிறுவனம் தோன்றியது. 1974இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தோன்றிய ஆர்.சி.ஐ. நிறுவனம், ஓரிடத்து வாரத்தைக் கொடுத்து வேறோரிடத்து வாரத்தைப் பெறும் மாற்று முறையைப் பரப்பியது. பின்வந்த ஆண்டுகளில் ஸ்பெயினின் தென்கரை, கனேரித் தீவுகள், மால்டா ஆகிய வெயில் நாடுகள் இவ்வாணிபத்தின் களங்களாயின. விற்கப்பட்ட வாரங்களுட் பெருந்தொகையானவற்றை வாங்கியோர் பிரித்தானிய நடுத்தர வர்க்கத்தாரும் தொழிலாளருமேயாவர்.

இவ்வாணிபத்தின் தீமைகளைப் பேசுவோர் பொதுவாக விற்பனையாளனின் நாவன்மையையே சாடுகின்றனர். பொய்யுரைத்தான், அவசரப்படுத்தினான், மயக்கினான் என்பன அவர் முன்வைக்கும் குற்றச்சாட்டுகள். இவை உண்மையே; எனினும் முழு உண்மையல்ல. விற்பனையாளன் முன்மேடையில் நிற்பவன் மட்டுமே. அவனுக்குப் பின்னால் பெயர்பெற்ற வங்கிகளும் அவற்றின் கடன் கிளைகளும் நிற்கின்றன. விடுமுறையில் வந்தவன் தன் சட்டைப்பையில் பத்தாயிரம் பவுணை வைத்துக்கொண்டு கடற்கரையில் உலாவுவதில்லை. அத்தொகை அவனுக்கு அவ்விடத்திலேயே கடனாக நீட்டப்படாவிடின் விற்பனையுமில்லை, ஏமாற்றுமில்லை. எனவே கடனை இவ்வாணிபத்தின் துணைக்கருவி என்று கொள்வது தவறு. அதன் முதுகெலும்பே கடன்தான்.

விற்பனை நடைபெறும் விதத்தை நோக்குமிடத்து இது தெளிவாகும். தெருவிற் செல்லும் தம்பதியர்க்குச் சுரண்டல் சீட்டொன்று கொடுக்கப்படுகிறது. பரிசு விழுந்துவிட்டது, அதைப் பெற ஓரிடத்துக்கு வரவேண்டும். அங்கே பல மணிநேரம் உபசாரமும் உரையும் தொடர்கின்றன. முதலிற் கூறப்பட்ட விலை படிப்படியாக இறங்குகிறது. அவ்விறக்கம் இன்று மாத்திரமே என்கின்றனர். ‘எம்மிடம் பணமில்லையே’ என்று தம்பதியர் சொல்லும் கட்டத்திலேதான், அதே மேசையில், அதே மனிதன், கடன் விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறான். சில நிமிடங்களில் அனுமதி கிடைத்துவிடுகிறது. பணம் கடனாளியின் கைக்கு வருவதே இல்லை. கடன் நிறுவனத்திலிருந்து நேரே விற்பனை நிறுவனத்தைச் சென்றடைகிறது. கடனை ஏற்பாடு செய்தமைக்காக விற்பனை நிறுவனத்துக்குத் தரகு வழங்கப்பட்டமையும் உண்டு. பொருளை விற்றவனே கடனையும் விற்றபின், இவை இரண்டும் வெவ்வேறு கருமங்கள் என்று வாதிடுவது எவ்வாறு பொருந்தும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் பவுண் விலையுள்ள ஒரு வாரத்தை, மாத வட்டி 1.25 வீதமாகப் பத்தாண்டுத் தவணைக் கடனில் ஒருவர் வாங்குகிறார் என்க. மாதத் தவணை ஏறத்தாழ 161 பவுண். நூற்றிருபது தவணைகளும் கட்டி முடிய அவர் செலுத்தியது ஏறத்தாழ 19,360 பவுண். இதனோடு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அது 600 பவுண் என்றும் ஒருபோதும் உயராதென்றும் வைத்துக்கொண்டாலும், பத்தாண்டில் 6,000 பவுண். ஆகமொத்தம் 25,360 பவுணுக்குப் பத்து வாரங்கள். ஒரு வாரத் தங்கலின் விலை 2,536 பவுண்; விமானச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வேறு. உண்மையிற் பராமரிப்புக் கட்டணம் உயராமல் இருப்பதில்லை. ஆண்டுக்கு ஐந்து வீதம் உயருமாயின் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளில் அது இரட்டிக்கும். மறுபுறம், வாரம் பத்தாயிரமாக ஐம்பது வாரங்களையும் விற்றவனுக்கு ஒரு சிறு வீட்டின்மூலம் ஐந்து இலட்சம் பவுண் சேர்கிறது. அத்தொகைக்கு அத்தகைய வீடுகள் எத்தனையை முழுதாகவே வாங்கலாம் என்பதை விற்பனைக்கூடத்தில் எவரும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

கடன் தீர்ந்தபின்னராவது கையில் ஒரு சொத்து எஞ்சுமா? காலப்பங்குகளை ஒரு பவுணுக்கு விற்க முன்வந்து விளம்பரஞ் செய்வோரும், அவ்விலைக்கும் வாங்குவாரின்றித் திகைப்போரும் பலர். காரணம் வெளிப்படை. விலையின் பெரும்பகுதி கல்லுக்கும் மண்ணுக்குமன்றி, விளம்பரத்துக்கும் பரிசுக்கும் தரகுக்கும் செலவாகிவிட்டது. வாங்கியவன் கைக்கு வந்ததோ ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்தும் கடப்பாடு. சில ஒப்பந்தங்களில் இக்கடப்பாட்டுக்கு முடிவே குறிக்கப்பட்டிருக்கவில்லை. இறந்தவரின் பிள்ளைகள் தம்மையும் அது தொடருமோ என்று அஞ்சும் நிலை ஏற்பட்டது. ஸ்பெயினின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு ஐம்பது ஆண்டு உச்சவரம்பு விதித்தது. அதன்பின்னரும் கால எல்லையின்றி எழுதப்பட்ட ஒப்பந்தமொன்று செல்லாதென 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தும் நீதிமன்றத்தின் வாயால் அதனை மீண்டும் சொல்லுவிக்க வேண்டியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

கடன் நிறுவனங்களுக்காக வாதாடுவோர் முதலில் எடுத்துக்கொள்ளும் ஆயுதம் ஒப்பந்தச் சுதந்திரம். ‘வயது வந்தவர், வாசித்தார், கையொப்பமிட்டார், இனிக் கட்டட்டும்’ என்பது அவர் கூற்று. சம அறிவும் சம வலுவும் உள்ள இருவர் எதிரெதிர் அமர்ந்து பேரம் பேசும் சந்தையைக் கற்பித்துக்கொண்டு எழுந்த வாதம் இது. ஒருபுறம் பயிற்றப்பட்ட விற்பனைக் குழு, அச்சிட்ட நீண்ட ஒப்பந்தம், கணக்கறிந்த வங்கி. மறுபுறம் வெயிலிற் களைத்த ஒரு குடும்பம். இங்கே சுதந்திரம் என்ற சொல் வலியவனின் சுதந்திரத்தையே குறிக்கிறது. அன்றியும், கையொப்பத்தின் புனிதத்தைப் பேசும் கடன் நிறுவனம், தன்னுடைய கையொப்பத்துக்குரிய பொறுப்பை மட்டும் ஏற்க மறுப்பது என்ன நியாயம்? விற்பனையாளனைத் தன் கடனின் தரகனாகத் தெரிந்தெடுத்ததும் ஒரு சுதந்திரமான தெரிவே அல்லவா?

‘யாம் பணங் கொடுத்தோம், அவ்வளவே’ என்பது அவர்களின் இரண்டாவது அரண். இந்த அரண் அரை நூற்றாண்டுக்கு முன்பே தகர்க்கப்பட்டுவிட்டது. விற்பவனும் கடன் கொடுப்பவனும் கூட்டாக இலாபம் ஈட்டுமிடத்துப் பொறுப்பும் கூட்டானதே என்னும் கருத்தை, பிரித்தானியாவில் 1971இல் வெளிவந்த குறோதர் குழு அறிக்கை வலியுறுத்தியது. அதன் வழிவந்த 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம், இத்தகைய ஏற்பாட்டில் விற்பனையாளனின் பேச்சைக் கடன் கொடுத்தவனின் முகவனுடைய பேச்சாகவே கொள்ளவேண்டுமென 56ஆம் பிரிவில் விதித்தது. நூறு பவுணுக்கு மேற்பட்டு முப்பதாயிரம் பவுணுக்கு மேற்படாத விலையுள்ளவற்றில், விற்பனையாளனின் பொய்யுரைக்கும் ஒப்பந்த மீறலுக்கும் கடன் கொடுத்தவனும் பதிலளிக்கவேண்டுமென 75ஆம் பிரிவு கூறிற்று. இது வெளிநாட்டுக் கொள்வனவுக்குப் பொருந்தாதென வங்கிகள் பிரபுக்கள் சபைவரை சென்று வாதாடின, 2007இல் தோற்றன. கடல் கடந்து கடன் விற்கத் தெரிந்தவர்க்குக் கடல் கடந்து பொறுப்பேற்க மட்டும் மனம் வரவில்லை.

அண்மைக் காலத்திற் பண்டத்தின் பெயர் மாறியது. வாரங்கள் புள்ளிகளாயின, புள்ளிகள் ‘பகுதி உடைமை’ ஆயின. குறித்த ஆண்டுகளின் பின் வீடு விற்கப்படும், அதிற் பங்கு கிடைக்கும் என்பது புதிய கவர்ச்சி. முன்னரே வாங்கித் துயருறுவோரிடம், இதுவே தப்பும் வழியென்று கூறிப் புதுக்கடன் சுமத்தப்பட்டது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளோ காலப்பங்கை முதலீடு என்று கூறி விற்பதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. அவ்விதி மீறப்பட்டதென்றும், அதனால் கடன் உறவே நியாயமற்றதாயிற்று என்றும் நிதிக் குறைகேள் அதிகாரி இரு முறைப்பாடுகளில் முடிவுசெய்தார். கடன் நிறுவனங்கள் அதனை எதிர்த்து இங்கிலாந்து மேல் நீதிமன்றத்தை நாடின. 2023 மே மாதம் அவற்றின் மனுக்கள் தள்ளுபடியாயின. பகுதி உடைமை ஒப்பந்தங்கள் யாவும் பழுதானவை என்று அத்தீர்ப்புக் கூறவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படவேண்டும். ஆயின் விற்பனைக்கூடத்தில் நடந்தது கடன் கொடுத்தவனையும் பற்றும் என்ற அடிப்படை அங்கே நிலைநின்றது.

மால்டா விவகாரம் இதனிலும் கூர்மையான பாடம். 2014க்கும் 2016க்கும் இடையில் அங்கு காலப்பங்கு வாங்கிய ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோரின் கடன்கள், கடன் தரகுக்கு அனுமதிப்பத்திரம் பெறாத ஒரு விற்பனை நிறுவனத்தினூடாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. கடனைக் கொடுத்தது பெரும் வங்கிக் குழுமமொன்றின் கிளை. இத்தகைய கடனை, ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இசைந்தாலன்றி, வசூலிக்க இயலாதென்பது சட்டம். அதிகாரசபை 2018இல் இசைந்தது! கடனாளிகள் மேன்முறையீடு செய்தபின்னரே, 2020இல் தீர்ப்பாயம் அம்முடிவை மீள ஆராயுமாறு திருப்பி அனுப்பிற்று. சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. அதனைக் காக்க நியமிக்கப்பட்டவரையே மக்கள் காவல் செய்யவேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்திலிருந்து விலகப் பதினான்கு நாள் அவகாசம் உண்டே என்பர் சிலர். 2008ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை இவ்வவகாசத்தை வழங்கியதோடு, அக்காலத்துள் முற்பணம் வாங்குவதையும் தடுத்தது. விலகினால் இணைந்த கடனும் செலவின்றி முடியும் என்றது. இது மெய்யான முன்னேற்றமே. எனினும் 1994ஆம் ஆண்டின் முந்திய பணிப்புரை நேர்ந்த கதியை மறத்தலாகாது. அது மூன்றாண்டும் அதற்கு மேற்பட்டதுமான ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தியது. வணிகர் முப்பத்தைந்து மாத ஒப்பந்தங்களை அச்சிட்டனர். அன்றியும், இரு வார விடுமுறைக்குச் சென்றவனுக்குப் பதினான்கு நாள் என்பது பெரும்பாலும் வெயிலிலேயே கழிந்துவிடும் காலம். முதலாவது தவணை கணக்கிற் கழியும்போதே அவன் விழித்துக்கொள்கிறான்.

கடனைக் கட்டுப்படுத்தினால் எளியவருக்கு வெளிநாட்டு விடுமுறையே இல்லாது போகும் என்று கண்ணீர் விடுவோரும் உளர். எளியவர்மீது கொண்ட இவ்விரக்கம் அவரிடம் வட்டி வாங்கும்போது எங்கே போயிற்று? விடுதியில் ஒரு வாரம் வாடகைக்குத் தங்குபவன் அடுத்த ஆண்டு வேலை இழந்தால் வீட்டிலிருப்பான். கடனில் வாரம் வாங்கியவன் வேலை இழந்தாலும் தவணை நிற்பதில்லை. ஓய்வுக்காகக் கடன்பட்டுக் கடனுக்காக மேலதிக நேரம் உழைப்பவனிடம் எஞ்சுவது எந்த ஓய்வு? இவ்வளவும் போதாதென்று, ஒப்பந்தத்திலிருந்து மீட்டுத் தருவோம் என முற்பணம் கேட்கும் இன்னொரு கூட்டமும் அவன் வாசலில் நிற்கிறது. காயத்தைக் கண்டு ஈ வருவது இயல்பு. காயத்தை உண்டாக்கியவனை விட்டு ஈயை மட்டும் விரட்டுவது வைத்தியமாகாது.

செய்யவேண்டியவை அரியனவல்ல. விற்பனை மேசையிலேயே கடன் கையொப்பம் வாங்குவது நிறுத்தப்படவேண்டும். கடனாளி தன் வீடு திரும்பிய பின்னரே கடன் ஒப்பந்தம் கட்டுப்படுத்தவேண்டும். தரகு எவ்வளவு, எவர்க்கு என்பது எழுத்தில் முன்கூட்டியே தரப்படவேண்டும். மீள்விற்பனை விலையைக் கடன் கொடுப்பவன் தானே விசாரித்து வாங்குபவனுக்கு அறிவிக்கவேண்டும். தன் பணத்துக்கு ஈடில்லை என்று அறிந்தவன் மற்றவன் பணத்துக்கும் ஈடில்லை என்று சொல்லக் கடமைப்பட்டவன். குறித்த ஆண்டுகளின் பின் செலவின்றி வெளியேறும் உரிமை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இடம்பெறவேண்டும்.

வங்கித்தொழில் சார்ந்த கருமங்களில் ஆங்கிலச் சட்டத்தை 1852ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக் கட்டளையினூடாக வரித்துக்கொண்ட இலங்கையின் மாணாக்கருக்கு இது வேற்றூர்க் கதையன்று. பண்டம் எதுவாயினும், விற்பவனோடு கைகோத்து இலாபம் கண்டவன் வழக்கு வரும்போது கைகழுவ விடப்படலாமா என்பதே கேள்வி. விடப்படலாகாது என்பதே விடை. ஓய்வை வென்றெடுத்த தலைமுறை அதனை எவனிடமும் கடனாக வாங்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் அதற்கு வட்டி கட்டவேண்டியவர்களுமல்லர்.