பிறர் கொழுந்துக்குத் தன் பேரா?

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒருவரின் ஒரு நாள் உழைப்புக்குச் செக்ரோலில் விழும் பதிவே பேர். நிறுவையில் குறித்த நிறை குறைந்தால் அரைப்பேர். ஒருத்தி பறித்த கொழுந்தை மற்றொருத்தியின் கணக்கில் ஏற்றுவது அநீதி என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, அதே பிள்ளை பிறர் எழுதியதைத் தன் ஒப்படை என்று பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் கையளிக்க நேர்வது ஏன்? அதனைத் தடுப்பது எவ்வாறு? நேர்ந்துவிட்டால் நீதி வழங்குவது எவ்வாறு?

எழுத்துத் திருட்டு மேல்நாட்டார் நமக்குப் புதிதாகச் சொல்லித்தந்த குற்றமன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை வகுத்தது. முன்னோர் சென்ற வழியிற் செல்வதை அது இழுக்கென்று தள்ளவில்லை. ஆயினும் சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும், நூல் வந்த வழியும் சொல்லப்பட வேண்டும் என்று விதித்தது. பிறர் அறிவைக் கொள்ளலாம். கொண்ட இடத்தைக் கூறவேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், ஆக்கியோன் தன் பெயரால் அறியப்படும் உரிமையைக் காக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதற்கு இடமும் தருகிறது. ஆகவே விதி நம்மிடம் உண்டு. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமா என்பதே வினா.

மலையகக் கல்வியின் வரலாறு இதற்கு மறுமொழி கூறும். 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியே நின்றன. அவை அரசின் கைக்கு வந்தது 1970களிலேயே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்றிருந்த அந்நாளில் கரும்பலகையைப் பார்த்தெழுதுவதே கல்வியாயிற்று. கட்டடங்கள் மாறின; பார்த்தெழுதும் பழக்கம் மாறவில்லை. பார்த்தெழுதியதற்குப் பத்து ஆண்டுகள் ‘நன்று’ என்று குறியிட்டுவிட்டுப் பதினோராம் ஆண்டில் அதே செயலுக்குத் ‘திருட்டு’ என்று பெயர் சூட்டுவது நேர்மையாகுமா?

இவ்வாறு கூறுவதால் குற்றத்துக்கு நாம் சமாதானம் தேடுவதாக எவரும் எண்ணவேண்டாம். இரவல் ஒப்படையால் புள்ளி பெற்றவர் நாளை ஆசிரியராக நம் பிள்ளைகளின் முன் நிற்பார். தாதியாக நம் நோயாளியின் அருகில் நிற்பார். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஒருவன் இரவல் எழுத்தைக் கொடுத்தால், மெய்யாக உழைத்து நன்றாக எழுதிய மற்றொரு தோட்டத்துப் பிள்ளையின் மீதும், “இது இவள் எழுதியதுதானா?” என்ற ஐயம் விழுகிறது.

அந்த ஐயம் இன்று இயந்திரத்தின் உருவிலும் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், கேட்டதை நொடியில் எழுதித்தரும் கருவி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. அதனைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் கருவிகளும் தொடர்ந்து வந்தன. 2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக நூற்றுக்கு 61க்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அக்கருவிகள் தவறாகக் கூறின. ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பல்கலைக்கழகம் சென்று ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் நம் மாணவருக்கு இது எத்துணை ஆபத்து! கருவியின் அறிக்கை விசாரணையைத் தொடங்கக் காரணமாகலாம், தீர்ப்பாகிவிடக் கூடாது.

எனவே நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகிறோம்.

முதலாவது, ஆறாம் வகுப்பிலிருந்தே ‘இது யார் சொன்னது, எங்கே கண்டேன்’ என்று எழுதும் பழக்கத்தைப் பாடமாக்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் ஆசிரியர்கள் இதனைத் தம் முதற்கடமையாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, பார்த்தெழுத முடியாத ஒப்படைகளைக் கொடுக்க வேண்டும். ‘தேயிலையின் வரலாறு’ என்று கேட்டால் ஆயிரம் பிரதிகள் வரும். ‘உன் பாட்டி எந்த மலையில் எத்தனை ஆண்டு கொழுந்து பறித்தார், அன்றைய நிறுவை எவ்வாறு நடந்தது என்று கேட்டு எழுது’ என்றால் ஒவ்வொரு பிள்ளையும் தானே எழுதவேண்டி வரும். தோட்டத்து மக்கள் பாடியவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். அத்தொகுதி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்றே வழங்குகிறது. பாடியவர்க்குரிய பெருமை பாடியவரிடமே நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மூன்றாவது, விசாரணை முறையாக நடக்கவேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கட்டும். மூலமும் மாணவர் எழுதியதும் பக்கத்தில் பக்கமாக வைக்கப்படட்டும். எழுதியதை வாய்மொழியாக விளக்க மாணவருக்கு வாய்ப்பளிக்கட்டும். குற்றஞ்சாட்டிய ஆசிரியரே தீர்ப்பாளராகவும் அமரலாகாது. அறியாமையால் மேற்கோள் குறிக்கத் தவறிய பிள்ளை மீண்டும் எழுதட்டும்; அறிந்து மீண்டும் செய்பவர் புள்ளியை இழக்கட்டும்; பணங்கொடுத்து எழுதுவித்த பட்டதாரி மாணவர் பட்டத்தையே இழக்க நேர்ந்தாலும் நாம் இரங்கமாட்டோம். காலைக் கூட்டத்தில் பிள்ளையை நிறுத்தி அவமானப்படுத்துவது மட்டும் வேண்டாம். அது எவரையும் திருத்தியதில்லை. பலரைப் பாடசாலையை விட்டே ஓட்டியிருக்கிறது.

நான்காவது, எழுதி விற்பவரைச் சட்டம் தொடவேண்டும். 1968ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டம் வினாத்தாளையும் பரீட்சை மண்டபத்தையும் காக்கவே எழுந்தது. ஒப்படை எழுதிக் கொடுக்கும் வாணிபம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கிலாந்து 2022இல் அவ்வாணிபத்தையும் அதற்கான விளம்பரத்தையும் குற்றமாக்கியது. வாங்கிய பிள்ளையை மட்டும் பிடித்து விற்றவரை விட்டுவிடும் நீதி அரை நீதியே. மலையகப் பிரதிநிதிகள் இதற்கான பிரேரணையைப் பாராளுமன்றத்திற் கொண்டுவரட்டும்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். படித்த பெற்றோரே, பிள்ளையின் ஒப்படையை அன்பின் பெயரால் நீங்கள் எழுதிக்கொடுத்தாலும் அது திருட்டே. எழுத்தறியாத தாயின் பிள்ளையோடு உங்கள் பிள்ளை நடத்தும் போட்டியில் அது கள்ளத் தராசு. உங்கள் பேனாவுக்கு வேலை வேண்டுமாயின், மாலையில் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ அமர்ந்து, லயன் அறையில் படிக்க இடமற்ற பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். தோட்டத்துச் சகோதரரே, காய்கறித் தோட்டத்து விவசாயப் பெருமக்களே, அம்மண்டபத்துக்கு ஒரு விளக்கும் ஒரு மேசையும் தாருங்கள்.

நம் முன்னோர் பறித்த கொழுந்து பிறர் பேர் பொறித்த பெட்டிகளில் உலகெங்கும் சென்றது. உழைப்பு நமது, பேர் பிறரது என்ற அந்த அநீதியின் வலியை அறிந்த சமுதாயம், பிறர் உழைப்புக்குத் தன் பேரை எழுதும் பிள்ளைகளை வளர்க்கலாகாது. பிள்ளை தானே எழுதிய எழுத்து எளியதாயினும் ஆகுக. அதற்கு அவன் பெறுவது முழுப்பேர்.