தையல் மெசின் மோட்டர் நின்றுபோனால்…



இம்மாதம் நமது வீடுகளில் இருக்கும் தையல் மெசின் மோட்டரைப் பற்றி எழுதுகிறேன். சமூக வேலை செய்பவளுக்கு மோட்டரில் என்ன வேலை என்று நினைக்கக்கூடும். நமது கருவியைப் பற்றி நாமே அறிந்திருப்பதும் உரிமையோடு சேர்ந்த விடயந்தான்.

2009 இல் யுத்தம் முடிந்தபின் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் கிடைத்தது. பலர் பிறகு காசு சேர்த்து மோட்டர் பூட்டிக்கொண்டார்கள். காலில் காயப்பட்டவர்களுக்கும் முதுகு நோவுள்ளவர்களுக்கும் இந்த மோட்டர் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. மெசின் தந்த இடங்களில் தைக்கப் பழக்கினார்கள். திருத்தப் பழக்கியது மிகக் குறைவு.

நான் போய்வரும் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவின் மோட்டர் திடீரென நின்றுவிட்டது. பாடசாலைச் சீருடைத் துணிகள் வந்து குவிந்திருந்த வாரம் அது. திருத்துபவர் ஒருவர் கழற்றிப் பார்க்காமலே "மோட்டர் எரிஞ்சு போச்சு, புதுசுதான் போடவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது இறக்குமதிச் சாமான்களின் விலை எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும். "கட்டுக்காசு ஒன்று ஏற்கெனவே கிழமைக்குக் கிழமை போகுது தங்கச்சி. இன்னொரு கடன் எடுக்கத்தான் வேணும் போல" என்றார் அக்கா.

அயலில் மின்னிணைப்பு வேலை பழகிய ஒரு தங்கை இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டோம். அவள் தானே திருத்திவிட்டுப் போகவில்லை. அக்காவின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்ன ஒழுங்கிலேயே கீழே தருகிறேன்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேசையில் வையுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். மிதிக்கும் பெடலுக்குள்ளும் 230 வோல்ற் வருகிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டாம்.

1. மின் வருகிறதா? அதே பிளக் துவாரத்தில் மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். மூன்று கால் சதுரப் பிளக் என்றால் உள்ளே சிறிய பியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். பழுதானதற்குப் பதிலாக அதே அளவு பியூசையே போடவேண்டும். வெள்ளித்தாள் சுற்றுவது ஆபத்து.

2. வயர் முறிந்துள்ளதா? பிளக்கின் அடியிலும் பெடலின் வாயிலும் வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்துவிடும். வெளியே தெரியாது. விரலால் தடவும்போது ஓரிடம் மட்டும் தொய்வாக இருந்தால் அங்கேதான் பிழை.

3. குற்றம் மோட்டரிலா, மெசினிலா? பெல்ற்றைக் கழற்றிவிட்டுக் கைச்சில்லைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பொபின் கூட்டில் நூல் சிக்கியிருக்கும், அல்லது எண்ணெய் காய்ந்திருக்கும். அதற்கு மோட்டர் மாற்றிப் பயனில்லை. சில்லு இலகுவாகச் சுற்றினால், பெல்ற் இல்லாமலே பிளக்கைப் போட்டு, கையையும் கூந்தலையும் விலக்கிக்கொண்டு, பெடலை மெல்ல அழுத்துங்கள். மோட்டர் நன்றாக ஓடினால் பிழை பெல்ற்றில் அல்லது மெசினில். பெடலை அழுத்தாமலே ஓடினால் பிழை பெடலில். மாலையில் மட்டும் மெதுவாக ஓடினால், எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் மின்னழுத்தம் குறைவது காரணமாக இருக்கலாம்.

4. பெடலா? அயல்வீட்டில் அதே வகைப் பெடல், அதே பொருத்து முனையுடன் இருந்தால் இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள்.

5. காபன் பிரஷ் தேய்ந்ததா? மோட்டரின் இரு பக்கத்திலும் வட்டமான இரண்டு மூடிகள் இருக்கும். பிளக்கைக் கழற்றியபின் அவற்றைத் திறந்தால் ஸ்பிரிங்கோடு சிறிய கரித்துண்டு வரும். சுழலும் பகுதிக்கு மின்னைக் கொண்டுபோவது இதுதான். தேய்வது இதன் இயல்பு. 6 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.

அக்காவின் மோட்டரில் ஒரு பக்கப் பிரஷ் அடிவரை தேய்ந்து, ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியிருந்தது. மோட்டர் எரியவே இல்லை. ஒரு சோடி பிரஷ் போட்டதும் ஓடியது. சீருடைகள் நேரத்துக்குப் போயின. அந்த இரண்டாவது கடன் எடுக்கப்படவில்லை.

எல்லா நேரமும் இப்படி முடியாது. எரிந்த மணம், புகை, உள்ளே கம்பிச்சுருள் கறுத்திருத்தல், பிளக்கைப் போட்டு மிதித்தவுடன் றிப் சுவிச் விழுதல் என்பன இருந்தால் மோட்டரை மாற்றவேண்டி வரலாம். இன்னொரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. அங்கே காரணம் பெல்ற்றை மிக இறுக்கிப் பூட்டியிருந்தது.

புதிய மோட்டர் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். தகட்டில் உள்ள வோல்ற், வாற் அளவுகளை ஒப்பிடுங்கள். பூட்டும் கால், ஸ்குரூத் துளை, சிறு சில்லின் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். சுழலும் திசையையும் கேளுங்கள். தைக்கும்போது கைச்சில்லின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரவேண்டும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பூட்டுவது கடினமல்ல. பிளக்கைக் கழற்றி, பழைய மோட்டரின் ஸ்குரூவை விட்டு, புதியதை அதே இடத்தில் தளர்வாக வையுங்கள். மோட்டரின் சில்லும் கைச்சில்லும் ஒரே நேரில் இருக்கட்டும். பெல்ற்றைப் போட்டு, நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பதியும் அளவுக்கு மோட்டரை இறக்கி இறுக்குங்கள். தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் மோட்டர் சூடேறும். வயரில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் இருந்தால் அது நிலத்தொடுப்பு. அதை வெட்டி விடக்கூடாது. வயர் முனைகளைப் புதிதாக இணைக்க வேண்டிவந்தால் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள்.

மெசினுக்குத் தையல் மெசின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசினாகி இறுகும். எந்த எண்ணெயும் பிரஷ் பக்கம் போகக்கூடாது. றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்; உயிரைக் காப்பது அதுதான்.

தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்குத் திருத்துபவர் இரண்டு தரம் வந்தாலே ஊர் கதைக்கிறது. அதற்குப் பயந்து மெசினை மாதக்கணக்கில் மூலையில் மூடி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதைப்பவர்கள் கட்டுக்காசு கட்டித் தரமாட்டார்கள். அதனால் உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு யோசனை வையுங்கள்: ஸ்குரூ டிரைவர் இரண்டு, காபன் பிரஷ் சில சோடி, ஒரு பெல்ற், ஒரு பெடல். இவ்வளவையும் ஒரு பெட்டியில் பொதுவாக வைத்திருக்கலாம். முதலில் பழகுபவர் மற்ற இருவருக்குப் பழக்கட்டும்.