தீப்பிடிக்காது என்பதற்கு அத்தாட்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

"இந்தப் பேட்டரி தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று மின்சார ஸ்கூட்டர் கடைகளில் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படும் வாக்கியத்துக்கு, வேலூர்வாசி என்ற முறையில் என் ஆட்சேபத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். 2022 மார்ச்சில் எங்கள் ஊரில், புது வண்டியை இரவில் சார்ஜ் போட்டுவிட்டு உறங்கிய ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும், அது பற்றியெரிந்து எழுந்த புகையில் மூச்சுத் திணறி மாண்டுபோன துயரத்தை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த மாதமே தயாரிப்பாளர்கள் சிலர் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவையும் அதுவரை பத்திரமானவை என்று சொல்லித்தான் விற்கப்பட்டிருந்தன.

மத்திய சர்க்கார் அதன் பிறகு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலுமாக இரு கட்டங்களில் அமலாக்கியதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். அவ்விதிகளின்படி, பேட்டரியின் ஒரு செல்லில் கிளம்பும் சூடு பக்கத்துச் செல்களுக்குப் பரவுகிறதா என்று சோதிப்பது மெத்த அவசியமான காரியம். ஆனால் அந்தச் சோதனையில் வண்டி எப்படித் தேறியது என்ற விவரம் வாங்குகிறவன் கைக்கு வருவதில்லையே! இப்போது பிரபலமாகிவரும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நிக்கல் கலந்ததைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது வாஸ்தவம். எனினும் எல்லை மீறினால் அதிலிருந்தும் எரியக்கூடிய வாயு வெளிப்படும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சென்ற மாதம் என் மகனுக்காக ஒரு கடைக்குப் போய்ச் சோதனைச் சான்றிதழைக் கேட்டேன். "கம்பெனியிலேயே எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாங்க சார், பயப்படாதீங்க" என்று சொல்லி, வழவழப்பான வர்ணக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வண்டியோடு தரும் புத்தகத்தை வற்புறுத்தி வாங்கிப் பார்த்தால், ஓட்டி வந்த வண்டியை ஆறவிடாமல் சார்ஜ் போடலாகாது, எரியும் பொருள்களுக்கு அருகில் வைக்கலாகாது என்றெல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் இவ்வூரில், என் வீட்டைப் போன்ற வீடுகளில் வண்டி நிற்க இடம் மாடிப்படிக்குக் கீழேதான். பழைய பேப்பர்க் கட்டும் செருப்பு அலமாரியும் அங்கேதான். வெளியேற இருக்கும் ஒரே வழியும் அதுவேதான்.

ஆகையால், ஒவ்வொரு மாடலின் சோதனை முடிவும் எச்சரிக்கைகளும் கடை வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும், எங்கே வண்டி எரிந்தாலும் அதன் காரணத்தைக் குறித்த காலத்துக்குள் விசாரித்துப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்றும், போக்குவரத்து அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். அதுவரை "தீப்பிடிக்காது" என்ற சொல்லை விளம்பரங்களில் தடை செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வேலூர்.