கோடையைத் தாங்கும் கனிமரங்கள்

பனம்பாத்தி கிண்டுவதைப் பார்த்திராத பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலே அரியர். பனம்பழக் காலத்தில் பொறுக்கிய கொட்டைகளைப் பாத்தி கட்டி அடுக்கி வைத்து, தை பிறந்த பின்னர் கிண்டிக் கிழங்கு எடுக்கின்றோம். கிண்டும்போது உற்று நோக்கிய மாணவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். கொட்டை மேலே கிடக்கும். அதிலிருந்து புறப்பட்ட முளையோ ஆகாயத்தை நோக்கி எழாது, மண்ணுக்குள்ளே இறங்கும்; அங்கே கிழங்காய்ப் பருத்து, அதன் கீழே வேரூன்றி நிற்கும். பச்சை ஓலை ஒன்றேனும் அதுவரையில் வெளியே தலைகாட்டியிராது. கீழே கால் ஊன்றி, உணவும் சேர்த்து வைத்த பின்னரே பனை மேலே எழ நினைக்கின்றது.

சென்ற ஆடி மாதத்திலே என் தமக்கையார் வளவில் நின்ற ஒட்டுமாங்கன்று பட்டுப்போனபோது, எனக்கு நினைவு வந்தது இந்தப் பனங்கொட்டைதான்.

அது நல்ல கறுத்தக்கொழும்பான் கன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நானே வாங்கிக் கொடுத்தேன். தமக்கையார் அதனைப் பிள்ளைபோல வளர்த்தார். நாள்தோறும் மாலையிலே விளக்கு வைப்பதற்கு முன்னர் ஒரு வாளி தண்ணீர்; ஒரு நாளேனும் தவறியதில்லை. ஆளுயரம் வளர்ந்து, தளதளவென்று நின்றது. பெறாமகள் திருமணத்துக்காக அவர் கொழும்புக்குச் சென்று மூன்று வாரம் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது இலைகளெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன. "தம்பி, மூன்று கிழமை தண்ணீர் இல்லாமற் போனதற்கு ஒரு மாமரம் சாகுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் எவரும் நடாமல் முளைத்த மா பச்சையாய் நிற்கிறதே!" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

மண்வெட்டி எடுத்து வெட்டிப் பார்த்தோம். வேரெல்லாம் மேலே ஓரடி மண்ணுக்குள்ளேயே படர்ந்து கிடந்தது. அதன் நடுவிலே, நான்கு ஆண்டுகளுக்கு முன் கன்று வந்த பொலித்தீன் பையின் வடிவம் இன்னும் அப்படியே இருந்தது. ஆணிவேர் பையின் அடியிலே முட்டி, பாம்புபோல வளைந்து வளைந்து சுற்றி, அந்தச் சுற்றிலேயே தடித்துப் போயிருந்தது. மரம் வளர்ந்ததே தவிர வேர் இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. மாலைதோறும் வாளித் தண்ணீர் வாசலுக்கே வந்ததல்லவா? கன்று வாங்கிய நாளிலே பையைக் கழித்து அந்தச் சுருளை வெட்டிவிடாதது என் பிழை. பிறருக்கு எழுதி அறிவுரை கூறுபவன் தன் வீட்டுக் காரியத்தில் கோட்டை விடுவது புதுமையன்று.

நேயர்களே, வெப்பம் மிகுந்த வறண்ட இடத்திலே கனிமரம் வளர்ப்பது தண்ணீர் ஊற்றுகின்ற வேலை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது வேரைக் கீழே அனுப்புகின்ற வேலை.

நமது வானிலையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது. இலண்டன் மாநகரத்திலே பெய்வது 24 அங்குலம் அளவுதான். மழை குன்றாத ஊர் என்று நாம் கருதும் இலண்டனைப்போல இரு மடங்கு பெற்றும் நாம் வறண்ட நாட்டவர் எனப்படுகின்றோம். காரணம் யாதெனில், இந்த மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள்ளே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. பின்னர் சித்திரையில் ஓரளவு மழை. அதற்கப்பால் வைகாசி தொடங்கி புரட்டாதி வரை சோழகக் காற்று மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகின்றது. இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கான உலர் வலயம் முழுவதற்கும் சிறு வேறுபாடுகளோடு இதுவே கதை. மழைக்கால ஈரம் ஆழத்திலே தங்குகின்றது. மேல் மண் சித்திரை வெயிலிலே கை வைக்க முடியாதபடி சுடுகின்றது. வேர் எங்கே இருக்க வேண்டும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கன்று நடுவதற்கு உரிய காலம் ஐப்பசி முதல் மழை. கோடை வருமுன் வேருக்கு ஆறு மாதத் தவணை கிடைக்கும். குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் இருக்கட்டும். செம்பாட்டு மண்ணிலே இது எளிது. கலட்டி நிலத்திலே இரண்டடியில் கல் முட்டும். "போதும்" என்று மண்வெட்டியை வைத்துவிடாதீர்கள். அலவாங்கு கொண்டு கல்லை உடைத்து, கீழே ஒரு வழி திறந்துவிட வேண்டும். நம் முன்னோர் கல்லை உடைத்து, வேறிடத்திலிருந்து செம்மண் கொணர்ந்து நிரப்பியே பல தோட்டங்களை உண்டாக்கினார்கள். குழிக்குள் மக்கிய மாட்டெருவும் மேல் மண்ணும் கலந்து இடுங்கள். பையை முற்றாகக் கழித்து, சுருண்ட வேர் இருந்தால் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். வேரை வெட்டினால் கன்று சாகும் என்று அஞ்ச வேண்டாம். வெட்டிய இடத்திலிருந்து நேர் வேர்கள் புறப்படும். சுருளை விட்டுவைத்தால் நேர்வது என்னவென்று நான் மேலே சொல்லிவிட்டேன்.

இதனினும் நல்ல முறை ஒன்றுண்டு. இராஜஸ்தானத்தின் பாலை நிலங்களிலே இலந்தை வளர்ப்போர் அதனைக் கையாளுகின்றார்கள். இலந்தை என்றதும் பற்றைக் காட்டிலே சிறுவர் பொறுக்கும் புளிப்புக் காயை எண்ணாதீர்கள். அங்கே கோலா, சேப், உம்ரான் என்று பெயர் பெற்ற பெரும் பழ இனங்கள் உள்ளன. ஜோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையம் அவற்றை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றது. மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே காட்டு இலந்தை விதையை ஊன்றிவிடுவார்கள். அது இடம் மாறாமல் வளர்ந்து, ஆணிவேரை முறியாமல் ஆழத்துக்கு இறக்கிய பின்னர், அதன் தண்டிலே நல்லினத்தின் மொட்டை ஒட்டுவார்கள். அடியிலே காட்டு மரத்தின் வேர், மேலே தோட்ட மரத்தின் கனி. மாவுக்கும் இதனைச் செய்யலாம். வளவின் மூலையிலே ஒரு நாட்டு மாங்கொட்டையை ஊன்றி, தண்டு பென்சில் பருமன் ஆனதும், கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு கறுத்தக்கொழும்பான் குருத்தை ஒட்டுவித்துக் கொள்ளுங்கள். காய்ப்பதற்குச் சற்றுத் தாமதமாகும். பொறுக்க மாட்டாதவர்கள் ஒட்டுக்கன்றே வாங்கட்டும்.

இனித் தண்ணீர். நாள்தோறும் சிறிது ஊற்றுவதைப்போன்ற கெடுதி வேறில்லை. அந்த நீர் மேலே நான்கு விரற்கடையை நனைத்து, மறுநாள் வெயிலுக்கு இரையாகிவிடும்; வேரும் அதனைத் தேடி மேலே வரும். முதலாண்டுக் கோடையிலே நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாளி, மண் ஆழமாய் நனையும்படி மெல்ல ஊற்றுங்கள். இரண்டாம் ஆண்டிலே அதனை எட்டு நாளுக்கு ஒரு முறையாக்குங்கள். மூன்றாம் ஆண்டிலே பதினைந்து நாள். பாத்தியையும் ஆண்டுதோறும் அகலமாக்கி அடிமரத்தை விட்டு விலக்கிச் செல்லுங்கள். நீரை உண்ணுகின்ற வேர்கள் அடிமரத்தின் காலடியில் இல்லை. கிளைகளின் நிழல் விழுகின்ற ஓரத்திலே இருக்கின்றன. அடிமரத்தை எப்போதும் நனைத்துக்கொண்டிருந்தால் பட்டை அழுகும். தேசி மரத்துக்கு இது முதற் பகை.

வெளியூர் செல்ல நேர்பவர்களுக்கு ஒரு பழைய வழி சொல்லுகின்றேன். மெருகிடாத மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் காய்ந்தால் கூடுதலாய்க் கசியும். ஈரமானால் தானே குறையும். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலேயே சீன தேசத்து வேளாண்மை நூலொன்று இவ்வாறு பானை புதைத்துக் கொடிப்பழம் வளர்க்கும் முறையைக் கூறுகின்றது. தமக்கையாருக்கு இதை நான் முன்னரே சொல்லியிருக்கலாம்.

மழை நீரையும் மறவாதீர்கள். பத்தடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள நிலத்திலே ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 235 லீற்றர். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலே ஆண்டுக்கு நான்கு அங்குல மழை கிடைப்பதே அரிது. அங்கே அவ்தாத் என்னுமிடத்தில், மைக்கேல் எவனாரி என்ற தாவர விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் 1950களின் இறுதியில் தொடங்கி, பண்டை நபத்தேய மக்களின் பாழடைந்த தோட்டங்களைத் திருத்தினார்கள். குன்றிலே விழும் மழையை வாய்க்கால் வழியே மரத்தடிக்குத் திருப்பி, வாதுமையும் முந்திரிகையும் விளைவித்துக் காட்டினார்கள். நான்கு அங்குலத்தில் அவர்கள் அதைச் செய்தால், ஐம்பது அங்குலம் வைத்திருக்கும் நாம் முற்றத்து வெள்ளத்தை ஏன் ஒழுங்கைக்கு ஓடவிட வேண்டும்? மரத்தைச் சுற்றிப் பிறைபோல ஒரு சிறு வரம்பு கட்டினாலே போதும். ஆனால் பப்பாசிக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு நாள் நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும்; அதனை மேட்டிலே நடுங்கள்.

மண்ணை வெறுமையாய் விடலாகாது. பூவரசங்குழை, கிளுவங்குழை, வைக்கோல், பொச்சுமட்டை, கூட்டிய சருகு, எது கிடைத்தாலும் அரையடி தடிப்புக்குப் பரப்புங்கள். சருகைக் கூட்டி எரிக்கின்ற வழக்கத்தை நான் எவ்வளவு எழுதியும் நிறுத்த முடியவில்லை. வளவு துப்புரவாய்த் தோன்றுகின்றதென்று மகிழ்கின்றோம், மரத்தின் போர்வையைக் கொளுத்திவிட்டு! கறையான் ஏறாதிருக்க அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடுங்கள். இளங்கன்றின் மேற்குப் பக்கத்திலே இரண்டு பனையோலைகளை ஊன்றினால் பிற்பகல் வெயிலுக்கும் சோழகத்துக்கும் மறைவாகும்.

வளர்ந்த மாமரத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மார்கழி மழை ஓய்ந்த பின்னர் பூங்கொத்துத் தோன்றும் வரை அதற்கு நீரே விடாதீர்கள். அந்த வறட்சிதான் மாவைப் பூக்கச் செய்கின்றது. இரக்கப்பட்டு ஊற்றினால் பூவுக்குப் பதிலாகக் கொழுந்து விடும். பிஞ்சு பட்டாணிக்கடலை அளவு ஆனதும் ஊற்றத் தொடங்கலாம். உலர் வலயத்து மாம்பழத்தின் இனிமைக்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். மாதுளைக்கோ நேர்மாறு, காய் முற்றும்போது காயவிட்டு, பின்னர் ஒரேயடியாய் நீர் பாய்ச்சினால் கனி வெடிக்கும். அதற்கு வேண்டியது ஒழுங்கு.

தேசியின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால், அது தாகத்தின் அறிகுறியன்று. நமது சுண்ணக்கல் மண்ணிலே இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாமையால் வருவது. மேலும் மேலும் நீர் ஊற்றிப் பயனில்லை. மக்கிய எருவை நிறைய இடுவதே முதல் வைத்தியம்.

இவ்வளவும் மரத்துக்காக மட்டும் எழுதவில்லை. குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியிலே ஓடிக் கோடையிலே வரண்டுவிடுவது. நாம் குடிப்பதும் மரம் குடிப்பதும் ஒரே கிணற்று நீர். சுண்ணக்கல்லுக்குள்ளே அந்த நன்னீர் கடல் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது விதி. மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறத் தலைப்படும். துலா மிதித்த காலத்திலே மனிதன் களைத்தான், கிணறு பிழைத்தது. இயந்திரம் களைப்பதில்லை. உவரேறிய கிணற்றை மீட்பதற்கு மாரிகள் பல வேண்டும். ஏற்கெனவே உவர் தட்டும் தீவுப்பகுதிக் கிணறுகளை நம்பி மா வைப்பவர்கள் இலை நுனி கருகுவதைக் கண்டு வருந்துவார்கள். அங்கே சப்போட்டா, மாதுளை, இலந்தை ஆகியன தாங்கும்.

தமக்கையார் வளவிலே, பட்ட மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், மூன்றடிக் குழி வெட்டி ஒரு நாட்டு மாங்கொட்டையை ஊன்றியிருக்கின்றோம். முளைத்து நான்கு இலை விட்டு, இரண்டு மாதமாய் அப்படியே நிற்கின்றதாம். "இது வளருகிறதா, இல்லையா? ஒரு பக்கம் கிண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். கிண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றேன்.