தபாற்பகுதி எவருடைய சொத்து?

நட்டத்தில் இயங்கும் தபாற்பகுதியைத் தனியாரிடம் ஒப்படைத்தாலென்ன என்னும் கேள்வி, கொழும்பில் ஆட்சிகள் மாறினும் தான் மாறாது, சில ஆண்டுகளுக்கொருமுறை தலைகாட்டுகின்றது. 2023 நவம்பரில், நுவரெலியாத் தபாற்கந்தோரின் பழைய கட்டடத்தை உல்லாச விடுதிக்குக் கொடுக்கும் யோசனையை எதிர்த்துத் தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அது எங்கோ மலைநாட்டில் ஒரு கட்டடத்தைப் பற்றிய சச்சரவு என்று நம்மவர் பலர் வாளாவிருந்தனர். கட்டடத்தோடு முடியும் சங்கதியா அது?

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் முதலாந் திகதி வெளிவந்தது. அதன் விலை ஆறு பென்ஸ். இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதத்துக்கான கட்டணம் அது. துரைமாருக்காக அச்சிடப்பட்டதேயன்றி, மட்டக்களப்பு வேளாளனை நினைத்து எவரும் அதனை அச்சிடவில்லை. ஆயினும், அதனோடு ஒரு நல்ல கொள்கையும் இங்கு வந்து சேர்ந்தது. தூரம் எதுவாயினும், எடை ஒன்றாயின் கட்டணமும் ஒன்றே என்று 1840 இல் ரோலண்ட் ஹில் இங்கிலாந்தில் நிலைநாட்டிய கொள்கையே அது.

அதன் பெறுமதியை வாவியின் இரு கரைகளிலும் வாழும் நாம் அறிவோம். எழுவான்கரைக்குப் பெருந்தெரு உண்டு. 1928 இல் மட்டுநகருக்குப் புகையிரதமும் வந்தது. மண்முனை வழியாகப் படுவான்கரைக்குச் செல்லவோ, 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, பாதையேறியே வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் போகும் கடிதத்துக்கு உண்மையில் ஆகும் செலவு, கொழும்பில் ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குப் போகும் கடிதத்துக்கு ஆகும் செலவின் எத்தனை மடங்கு! ஆயினும் முத்திரை ஒன்றே. இலாபங் கருதும் கம்பனி எதுவும் இந்தக் கணக்கைத் தானாக ஏற்காது. அதன் கண்ணில் முதலில் உறுத்துவது படுவான்கரையாகத்தான் இருக்கும்.

"நட்டம், நட்டம்" என்கின்றார்களே, அந்த நட்டம் பிறந்த கதையையும் சற்றுக் கேட்போம். ஒருகாலத்தில் தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தில் இருந்தன. 1980 இல் அவற்றைப் பிரித்தனர். தொலைத்தொடர்பு 1991 இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1996 இல் கம்பனியாயிற்று. 1997 இல் அதன் பங்குகளில் 35 சதவீதம் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஒரு தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. அந்நிலை மாறியதையும் மறுக்கவில்லை. ஆனால், கறவைப் பசுவை அவிழ்த்து விற்றுவிட்டு, தொழுவத்தில் எஞ்சி நிற்கும் வண்டிமாட்டைப் பார்த்து, "நீ ஏன் பால் தரவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

இங்கிலாந்தைப் பார்க்கச் சொல்வோர் உளர். பார்ப்போமே! அங்கே அரச தபாற்சேவை 2013 இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2025 இல் ஒரு செக் நாட்டுச் செல்வரின் கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஜூலை முதல் இரண்டாந் தரக் கடிதங்களை ஒன்றுவிட்ட நாட்களிலே கொடுத்தாற் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆர்ஜென்ரீனா 1997 இல் தபாலைத் தனியாரிடம் கொடுத்து, 2003 இல் மீட்டுக்கொண்டது.

தபால் என்பது ஆட்சியின் முகம். 1961 இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் வாரக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அரசு, ஏப்ரல் 14 ஆம் நாள் தந்தை செல்வநாயகம் யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபாற்சேவையைத் தொடக்கி முத்திரை விற்றதும், நான்கு நாட்களுக்குள் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து தலைவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தது. ஒரு சிறு முத்திரைத் துண்டில் நாட்டின் இறைமையே அடங்கியிருப்பதாக அன்று பதறிய கொழும்பு, பின்னாளில் தபாற்கந்தோரை விலைபேசக் கூசவில்லை!

இதனால் தபாற்பகுதியின் குறைகளை மூடிமறைக்க வந்தோமென்று எவரும் எண்ணவேண்டா. 2022 ஓகஸ்டில் சாதாரண கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. சேவை அந்த அளவுக்கு உயர்ந்ததா? 2025 ஓகஸ்டில் விரலடையாள இயந்திரத்தையும் மேலதிகநேரக் கொடுப்பனவையும் பற்றி எழுந்த வேலைநிறுத்தத்தால் ஒரு வாரம் கடிதங்கள் தேங்கின. விவசாயிகள் ஓய்வூதியத்துக்குத் தபாற்கந்தோரையே நம்பியிருக்கும் முதியவரைப் பற்றித் தொழிற்சங்கங்களும் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

ஆனால், மண்முனைப் பாலம் ஆண்டுக்கு எவ்வளவு இலாபம் தந்தது என்று எவராவது கேட்டதுண்டா? பாலத்துக்கு இல்லாத கணக்கு, அதன்மேல் சைக்கிள் மிதித்துச் செல்லும் தபாற்காரருக்கு மட்டும் ஏன்? கிராமத் தபாலுக்கு ஆகும் மேலதிகச் செலவை நட்டமென்று எழுதாது, தெருவுக்கும் பாலத்துக்கும் ஒதுக்குவது போலத் திறைசேரி தனியே ஒதுக்கட்டும். வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் தபாற்பகுதியின் செலவினம் எடுக்கப்படும் நாளில், மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர்கள் எழுந்து இதனைக் கேட்கவேண்டும். படுவான்கரையின் உபதபாற்கந்தோர்கள் எத்தனை, அவற்றுள் நிரந்தர ஊழியரின்றி இருப்பவை எத்தனை என்பதையும் சபையில் பெயர் பெயராக வாசிக்கச் செய்யவேண்டும்.