சோயாவும் மூட்டு வலியும்

செய்யாற்றங்கரையில் ஞானசம்பந்தர் பாடிய மாகறலீசர் சந்நிதிக்கு எலும்பு நோய் தீர வேண்டி வருவோரும், குழித்தறியில் நாள் முழுதும் மிதிகட்டையை மிதித்து முழங்கால் தேய்ந்த காஞ்சி வட்டாரத்து நெசவாளரும், ஒருவருக்கொருவர் உபதேசித்துக்கொள்ளும் ஔஷதங்களுள் சோயாவும் இந்நாளில் சேர்ந்துவிட்டது.

இதில் உண்மை சிறிது உண்டு. சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் முதலிய ஐசோஃபிளவோன்கள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவதாக ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மனிதரிடத்தில் நடத்திய பரீட்சைகளிலோ, அழற்சியை அளந்து காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் சிலவற்றில் சற்றே குறைந்தும், வேறு சிலவற்றில் அசையாமலும் நின்றிருக்கிறது. டெய்ட்ஸீனை ஈக்வால் என்னும் வீரியமிக்க பொருளாக மாற்றவல்ல குடல் நுண்ணுயிரிகள் எல்லோர் வயிற்றிலும் வாசம் செய்வதில்லை என்பது இப்பேதத்துக்கு ஒரு காரணமாகலாம். மூட்டில் மட்டுமன்று, சோயாவின் பிற நன்மைகளிலும் இத்தகைய ஐயம் உண்டு: இருதய நன்மைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் என்று பொட்டலங்களில் அச்சிட 1999-இல் அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2017-இல் அவ்வனுமதியை விலக்கிக்கொள்ள உத்தேசித்தது.

நம் அடுக்களைக்கு வரும் சோயா பெரும்பாலும் மீல்மேக்கர்தான். எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய மாவில் செய்யப்படும் அவ்வுருண்டைகளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் உண்டு. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிளகு சீரகத்தோடு புரட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்குப் பதிலாக உண்பது மெத்தச் சரி. அதையே காய்ந்த எண்ணெயை மீண்டும் காய்ச்சிப் பொரித்து, ‘சோயா 65’ என்று தின்றுவிட்டு ஆரோக்கியம் பேசுவது வேடிக்கை! தைராய்டு மாத்திரை உண்போர் அதற்கும் சோயாவுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விடுதல் உசிதம். முடக்குவாத மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரியேன்.