எந்த வயதின் நோவிட்ஸ்கி?

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நிகழ்வுக்கு முன் எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கைகளில், உயரம், கைவிரிப்பு, எறிதல் விகிதம் முதலியவற்றுக்குப் பின் பெரும்பாலும் ஒரு பெயர் வந்து நிற்கிறது. மதிப்பிடப்படும் இளைஞர் நிலைபெற்ற எந்த வீரரைப் போன்றவர் என்று சொல்லும் அந்தப் பெயர், அறிக்கையின் மற்ற பக்கங்கள் மறந்துபோன பிறகும் தேர்வுக் கூட்டத்தில் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது. பிழையாக எழுதப்படும்போது மிகுந்த சேதம் விளைவிக்கும் வரியும் அதுவே.

ஒப்புமை இரு திசையிலும் ஒரே அளவில் இயங்குவதில்லை என்பதை உளவியலாளர் ஏமோஸ் ட்வெர்ஸ்கி 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வட கொரியா சீனாவைப் போன்றது என்று ஏற்றுக்கொள்பவர்கள், சீனா வட கொரியாவைப் போன்றது என்பதை அதே அளவுக்கு ஏற்பதில்லை. அதிகம் அறியப்படாதது நன்கு அறியப்பட்டதன் பக்கமாக இழுக்கப்படுகிறது. 19 வயது இளைஞர் ஒருவரைப் புகழ்பெற்ற வீரரோடு இணைத்துப் பேசும்போதும் இவ்வாறே, இளைஞரிடம் கண்டறியப்பட்ட இரண்டு மூன்று பண்புகளோடு, அவரிடம் எவரும் காணாத பத்துப் பண்புகளும் அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு அவர் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. 1992இல் மயாமி அணி 12ஆவது தேர்வாக எடுத்த ஹெரால்ட் மைனர், மைக்கேல் ஜோர்டனோடு ஒப்பிடப்பட்டு 'பேபி ஜோர்டன்' என்று அழைக்கப்பட்டார். பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அறையும் 'டங்க்' போட்டியில் 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் வெற்றியும் பெற்றார். எனினும் அவருடைய என்பிஏ வாழ்க்கை நான்கு பருவங்களில் முடிந்துபோனது.

இதைவிட நுட்பமான பிழைக்கு டர்க் நோவிட்ஸ்கியின் பெயர் பயன்பட்ட விதம் சான்றாகிறது. ஜெர்மனியின் இரண்டாம் நிலைப் போட்டிகளில் வூர்ட்ஸ்பர்க் அணியின் முதன்மை ஆட்டக்காரராக விளங்கிய அவர், 1998இல் 9ஆவது தேர்வாக எடுக்கப்பட்டு டாலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.2 புள்ளிகள் மட்டுமே எடுத்துத் தடுமாறிய பிறகே, தொலைவிலிருந்து எறியக்கூடிய ஏழடி வீரர் என்ற புதிய வார்ப்பை நிலைநிறுத்தினார். அந்த வார்ப்புக்கு அடுத்த ஆள் ஐரோப்பாவில் தேடப்பட்ட காலத்தில், 2002இல் டென்வர் அணி ஜார்ஜியா நாட்டின் நிக்கோலோஸ் ஸ்கிட்டிஷ்விலியை 5ஆவது தேர்வாக எடுத்தது. நான்கு இடங்களுக்குப் பின் எடுக்கப்பட்ட அமாரே ஸ்டடமயர் அப்பருவத்தின் சிறந்த புதுமுக வீரரானார், ஸ்கிட்டிஷ்விலியோ எந்த அணியிலும் வேரூன்றவில்லை. உயரமும் எறியும் விருப்பமும் ஒத்திருந்தன என்பது உண்மை. ஆனால் ஒருவர் தம் அணியின் சுமையைத் தாமே தாங்கியவர், மற்றவர் இத்தாலியின் வலிமைமிக்க அணியொன்றில் குறைந்த நேரமே களமிறங்கியவர் என்ற வேறுபாடு உருவ ஒற்றுமையின் பின்னே மறைந்துபோயிற்று. 2002ஆம் ஆண்டின் நோவிட்ஸ்கியோடு ஓர் இளைஞரை ஒப்பிடுவது, நாற்றை விளைந்த கதிரோடு ஒப்பிடுவதாகும். கேட்கப்பட வேண்டிய கேள்வி, 1998இல் நோவிட்ஸ்கி எந்த நிலையில் இருந்தார், அதே நிலையில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதே. இக்கேள்வியின் பிற்பகுதி அறிக்கைகளில் ஏறத்தாழ இடம்பெறுவதே இல்லை. ஏனெனில் தோற்றவர்களின் பெயர்கள் எவர் நாவிலும் எளிதில் வருவதில்லை.

உருவத்தின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த ஹூஸ்டன் அணியின் அப்போதைய நிர்வாகி டேரில் மோரி மேற்கொண்ட முயற்சியை, எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2016இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். 2010இல் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாத, ஆசிய அமெரிக்கரான ஜெரமி லின்னை ஹூஸ்டன் அணியின் கணக்கீட்டு மாதிரி உயர்வாக மதிப்பிட்டிருந்தும், மனிதக் கண்கள் அதை நம்ப மறுத்தன. ஓர் இளைஞரை வேறு இனத்தைச் சேர்ந்த வீரரோடு மட்டுமே ஒப்பிடலாம் என்று மோரி விதித்தபோது, பெரும்பாலான ஒப்பீடுகள் தாமாகவே உதிர்ந்துபோயின. இத்துறையில் பணிபுரிவோர் அனைவரும் ஒரு முறையேனும் தம் அறிக்கைகளின் மீது இச்சோதனையை நடத்திப் பார்ப்பது நலம். தோல் நிறத்தை நீக்கியதும் எஞ்சாத ஒப்புமை, ஆட்டத்தைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது.

முழு மனிதரை விடுத்து உறுப்புகளைத் தனித்தனியே ஒப்பிடுவது பயனளிக்கிறது என்பதற்கு கவாய் லெனர்ட் தக்க சான்று. கல்லூரியில் ஆடிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு அப்பாலிருந்து அவர் எறிந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே வளையத்தில் விழுந்தது; அதுவும் அக்காலக் கல்லூரிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தபோது, என்பிஏ கோடோ மூலைகளில் 6.70, நடுவில் 7.24 மீட்டரில் இருந்தது. ஆயினும் தடையின்றி எறியும் 'ஃப்ரீ த்ரோ' வாய்ப்புகளில் நான்கில் மூன்றை ஒட்டி அவர் வெற்றி பெற்றது, கையின் அடிப்படை கெட்டதன்று என்பதைக் குறிப்பால் உணர்த்தியது. 2011இல் 15ஆவது தேர்வான அவரைப் பெற்ற சான் அன்டோனியோ அணி, பயிற்சியாளர் சிப் எங்கலண்டின் துணையோடு அவருடைய எறிமுறையைத் திருத்தியது. முதல் பருவத்திலேயே மூன்று புள்ளி விகிதம் 37 விழுக்காட்டைத் தாண்டியது. எறியத் தெரியாத தற்காப்பு வீரர் எவருடைய பெயரையேனும் அவர்மேல் ஒட்டியிருந்தால் அந்த வாய்ப்பு கண்ணில் பட்டிருக்காது.

2015இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் நிறுவனம் உருவாக்கிய 'கார்மெலோ' கணக்கீட்டு முறை, ஒரு வீரரை ஒரே முன்னோடியோடு அல்லாமல், அதே வயதில் அவரை ஒத்திருந்த பலரோடு, ஒற்றுமையின் அளவுக்கேற்ற எடையுடன் ஒப்பிட்டது. அதன் முடிவுகள் எப்போதும் சரியாக இருந்தன என்று கூற இடமில்லை. தோற்றவர்களையும் பட்டியலில் அமர்த்திய ஒழுங்கே அதனிடம் கற்கத்தக்கது. கணினி இல்லாத மதிப்பீட்டாளரும் இதைப் பின்பற்ற இயலும்: ஒப்பிடப்படும் பண்பு எது, எந்த வயதில், எந்தத் தரப் போட்டியில் என்று எழுதி, அதே பண்பைக் கொண்டிருந்தும் நிலைக்காத ஒருவரின் பெயரையாவது அருகே குறித்தல் வேண்டும் என்பது இவ்விதழின் உறுதியான கருத்து.

முன்னோடிகளின் களஞ்சியமே சிறியதாக இருப்பது மற்றொரு குறை. 2014இல் 41ஆவது தேர்வாக எடுக்கப்பட்டு, மூன்று முறை என்பிஏவின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற நிக்கோலா யோக்கிச்சுக்கு, என்பிஏ நினைவுக்குள் மட்டும் தேடியவர்களால் எளிதில் இணை காண முடிந்திருக்காது. அவருக்கு இணை சொல்லத்தக்கவரும், பந்தைப் பகிர்ந்தே ஆட்டத்தை நடத்திய நடுவீரருமான ஆர்விடாஸ் சபோனிஸ் 1986இலேயே போர்ட்லாண்டால் தேர்ந்தெடுக்கப்பட்டும், கால் காயங்களுக்குப் பின் 30 வயதைக் கடந்து 1995இல்தான் அங்கு ஆட வந்தார். அவருடைய இளமை முழுவதும் என்பிஏ நினைவுக்கு வெளியே, லித்துவேனியாவின் கவுனாஸிலும் ஸ்பெயினிலும் கழிந்தது.